தாயின் குடியுரிமை

டௌகவ்பில்ஸ் நகரத்து டிராமில் டிக்கெட் எடுக்காமல் போனவர்கள் எத்தனையோ பேர். ரைசா பெத்ரோவ்னா கண்டக்டராக ஏறிய டிராமில் மட்டும் அது நடந்ததில்லை. ஆள் குள்ளம், கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது, இடுப்பில் தோல் பை. எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அவள் ஒதுங்கிப் போனதில்லை, கூட்டம்தான் ஒதுங்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவள் குரலைக் கேட்டாலே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பனியில் நடந்து போனார்கள். குடிகாரர்கள் கூட அவளிடம் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தார்கள்.

இத்தனை பேரை அதட்டிய அந்தப் பெண்மணிக்கு ஓட்டுரிமை கிடையாது. பிறந்ததும் வளர்ந்ததும் இதே ஊர்தான். அப்பா ரயில் பட்டறை வேலைக்கு ரஷ்யாவிலிருந்து வந்தவர். சோவியத் ஒன்றியம் உடைந்து லாத்வியா தனி நாடானபோது, இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இங்கே குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் குடியுரிமை கிடைத்தது. பிறகு வந்து சேர்ந்தவர்களுக்கும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் ஊதா நிறத்தில் ஒரு பாஸ்போர்ட் கொடுத்து, 'குடியுரிமை இல்லாதவர்' என்று பெயர் வைத்தார்கள். இங்கே இருக்கலாம், உழைக்கலாம், சாகவும் செய்யலாம். குடியுரிமை வேண்டுமென்றால் பரீட்சை எழுத வேண்டும். மொழி, வரலாறு, அரசமைப்புச் சட்டம், கடைசியாக தேசிய கீதம்.

"நான் பொறந்த ஆஸ்பத்திரி இன்னும் அங்கயேதான் நிக்குது, போய்க் கேட்டுப் பாருங்க. பொறந்த ஊர்ல இருக்கறதுக்குப் பரீட்சை எழுதணுமாம்" என்பாள் ரைசா. இருபது வருடமாக இதையே சொல்லி இருபது வருடமாக எழுதாமல் இருந்தாள். அந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். வீட்டிலும் கடையிலும் டிராமிலும் ரஷ்ய மொழியே போதுமானதாக இருந்தது. லாத்விய மொழியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் நிறுத்தங்களின் பெயரும், கதவருகே நிற்காதீர்கள் என்பதும்தான்.

மகள் இனேசா வேறு ரகம். அப்பன்காரன் ஒரு நர்ஸோடு ரஷ்யாவில் ப்ஸ்கோவுக்கு ஓடிப்போன வருடம் அவள் நாலாம் வகுப்பு. அழவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். பள்ளியில் படிக்கும்போதே அம்மாவிடம் சொல்லாமல் பரீட்சை எழுதிக் குடியுரிமை வாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். லாத்விய மொழியை அவள் பேசினால் தலைநகரம் ரீகாவில் பிறந்த பெண் என்றே நினைப்பார்கள். தலைநகரத்தில் சர்வதேச உறவுகள் படித்து முடித்து, ஒரு வசந்த காலத்தில் வீட்டுக்கு வந்தவள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, வெளியுறவுப் பணிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள்.

"அதாவது தூதரா?" என்றாள் ரைசா.

"முதல்ல கடைசி மேஜை. அப்புறம் பாக்கலாம்."

"நம்ம ஆளுங்களை எடுப்பாங்களாடி?"

"குடியுரிமை இருக்கணும். இந்த நாட்டோடது மட்டும், வேற எதுவும் கூடாது. எனக்கு இருக்கு. பரீட்சைல தேறணும், தேறிடுவேன். ஒண்ணே ஒண்ணுதான் உறுத்துது." கையில் கிடைத்த தோலைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "பெத்தவங்களைப் பத்தியும் கேக்கறாங்க. தாயின் குடியுரிமைன்னு ஒரு கட்டம்."

"இல்லைன்னு எழுது. பொய்யா?"

"எழுதலாம். சட்டப்படி என்னோடதுதான் கணக்கு. ஆனா எதிர்ல உக்காந்திருக்கறவங்க மனுஷங்கதானே. இருபது வருஷமா இந்த நாட்டுப் பரீட்சை எழுத மனசு வராத வீட்லேருந்து வந்த பொண்ணு, நாளைக்கு வெளிநாட்டுல போய் இந்த நாட்டுக்காகப் பேசுவாளான்னு தோணாதா?"

"தோணினா தோணிட்டுப் போகட்டும்."

"எனக்காக எழுதும்மா."

எதையும் கேட்டுப் பழக்கமில்லாத பிள்ளை கேட்டது. ரைசா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சரி என்றாள்.

சொன்னதைச் செய்தாள், அதில் குறை சொல்ல முடியாது. ஏரிக்கரையில் டிராம் திரும்பி நிற்கும் இடத்தில், டிரைவர் சிகரெட் பிடிக்கும் நேரத்தில், அரசமைப்புச் சட்டத்தின் வாக்கியங்களை உரக்கப் படித்தாள். டிரைவர் காதைப் பொத்திக்கொண்டான். எதிர்வீட்டுத் தைசியா கதவைத் தட்டி, "என்னடி ரைசா, மந்திரியாகப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஐம்பத்தைந்து வயது மூளைக்குப் புது மொழி என்பது காய்ந்த ரொட்டியை மெல்லுவது மாதிரி. மெல்ல மெல்லத்தான் இறங்கும், ஆனால் இறங்கியது. தேசிய கீதம் முழுவதும் மனப்பாடம் ஆனபோது அவளே அவளைப் பார்த்துக் கொஞ்சம் பெருமைப்பட்டாள்.

அந்த நேரத்தில்தான் இனேசா ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்வின்ஸை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ரீகாக்காரன், சுத்த லாத்வியன், அவளோடு படித்தவன், அதே வேலைக்கு விண்ணப்பித்திருப்பவன். கல்யாணம் செய்துகொள்வதாகப் பேச்சு. ரைசா இரண்டு நாள் சமையல் செய்தாள். பீட்ரூட்டுக்கு அடியில் மத்தி மீன், ஜெல்லி போல உறைய வைத்த இறைச்சி, தானே காட்டில் பொறுக்கி உப்பிட்ட காளான். பையன் நல்லவன்தான். ரஷ்ய மொழியிலேயே பேசினான், இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"அம்மா பரீட்சைக்குப் படிக்கறாங்க" என்றாள் இனேசா அவனிடம். "அம்மா, கீதத்தைச் சொல்லிக் காட்டேன். எத்வின்ஸ் கேக்கட்டும்."

ரைசா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். உத்தியோகபூர்வமான விஷயம் என்றால் அவளுக்குத் தெரிந்த குரல் ஒன்றே ஒன்றுதான், டிராமில் முப்பது வருடம் பழகிய குரல். அந்தக் குரலில் தேசிய கீதத்தைச் சொன்னாள். ஒவ்வொரு வரி முடிந்ததும், ஏறுகிறவர்கள் ஏறட்டும் என்பதுபோல ஒரு நிமிடம் நிறுத்தினாள்.

இனேசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுந்து நின்று, இல்லாத தோல் பையை இடுப்பில் பிடித்துக்கொண்டு, "அடுத்த நிறுத்தம், தாய்நாடு. கதவுக்குப் பக்கத்துல நிக்காதீங்க. டிக்கெட் எடுக்காதவங்க இங்கயே இறங்கிக்கலாம்" என்றாள். அச்சு அசலாக அம்மாவின் குரல். எத்வின்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் மட்டும் குலுங்கியது.

ரைசாவும் சிரித்தாள். அதுதான் வினை. சிரிக்காமல் தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் எல்லாம் அன்றே தீர்ந்திருக்கும், டிராமில் என்றால் அவள் செய்திருப்பாள். பெற்ற பெண் முன்னாலும், வருங்கால மாப்பிள்ளை முன்னாலும் அவளுக்கு வாய் எழவில்லை. இறைச்சியை இன்னொரு துண்டு வெட்டி எத்வின்ஸ் தட்டில் வைத்தாள். அன்று அவளுக்கு வந்த அவமானத்தை அவள் வாழ்க்கையில் எந்தக் குடிகாரனும் கொடுத்ததில்லை. மறுநாள் முதல் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. ஊருக்கெல்லாம் வாய் காட்டுகிறவள், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை இனேசா போனில் கேட்பாள்: "படிக்கறியாம்மா?"

"படிக்கறேன், படிக்கறேன்."

தைசியா ஒருநாள் காப்பி குடிக்க வந்தவள் ஒரு வழி சொன்னாள். பக்கத்து நாடு ரஷ்யா குடியுரிமை கொடுக்கிறது. பரீட்சை கிடையாது, பாட்டு கிடையாது. அதை வாங்கிக்கொண்டால் ஐம்பத்தைந்திலேயே பென்ஷனும் உண்டு. இங்கே என்றால் இன்னும் பல வருடம் டிராமில் தொங்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் துணைத் தூதரகத்து வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

"இனேசாவோட வேலைக்கு ஒத்து வருமாடி?" என்று கேட்டாள் ரைசா.

"ஏன் வராது? அவ கேட்டது என்ன, உனக்கு ஒரு குடியுரிமை. எந்த நாட்டோடதுன்னு கேட்டாளா?"

"கேக்கல."

"அப்புறம் என்ன. தூதர் வேலைன்னா நாலு நாட்டோட கை குலுக்கற வேலைதானே. அம்மாவே பக்கத்து நாட்டுக் குடிமகள்னா அவளுக்குக் கூடுதல் கெட்டி. காலணாவுக்கு ஆகாத ஊதாப் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடுவியா."

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இருபது வருடம் அந்த ஊதாப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்கள் கண்ணில் உலகத்து மனிதர்கள் இரண்டே வகை, நாடு உள்ளவர்கள், நாடு இல்லாதவர்கள். எந்த நாடு என்பது அதற்கு அடுத்த பேச்சு. மகளுக்கு வெட்கமாக இருந்தது இல்லாமைதான், அந்த இல்லாமை போனால் போதும் என்று ரைசா நினைத்தாள். முழு மனதாக நினைத்தாளா என்று கேட்டால், அதற்குச் சத்தியம் செய்ய யாராலும் முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு அவள் காதில் இருந்தது. உன் கீதமும் வேண்டாம், உன் பரீட்சையும் வேண்டாம், ஆனாலும் குடியுரிமையோடு வந்து நிற்கிறேன் பார் என்று ஒரு வீம்பும் இருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதற்கு அது போதும்.

தூதரகத்து வரிசையில் நின்றவர்கள் எல்லாம் டிராமில் பார்த்த முகங்கள். அவளைக் கண்டதும் பழக்க தோஷத்தில் சிலர் பையைத் துழாவினார்கள். குடியுரிமை கிடைத்தது. ஊதாப் பாஸ்போர்ட்டை இங்குள்ள அலுவலகத்தில் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சின்னப் பெண், "யோசிச்சுத்தான் செய்யறீங்களா?" என்று கேட்டாள். "யோசிக்காம செய்யற வயசா எனக்கு?" என்று கேட்டுவிட்டு ரைசா கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து, இனேசாவுக்கு வேலை கிடைக்கும் நாளில் இதைச் சொல்லி அசத்துவதென்று முடிவு செய்தாள்.

பென்ஷன் வரத் தொடங்கியதும் முதல் வேலையாக ஒரு கோட்டு வாங்கினாள். கருநீலக் கம்பளி, நல்ல தையல், வெளியுறவுக்காரர்கள் போடுகிற மாதிரி. பஸ் டிரைவரிடம் கொடுத்து ரீகாவுக்கு அனுப்பினாள். எழுத்துத் தேர்வில் இனேசா முதல் ஐந்து பேரில் வந்திருந்தாள். நேர்முகத்துக்கு அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

நேர்முகம் முடிந்த மறுநாள் மத்தியான ரயிலில் இனேசா சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். ரைசாவுக்குக் காரணம் புரிந்துவிட்டது, வேலை கிடைத்துவிட்டது. தேன் கேக்கை எடுத்து மேஜையில் வைத்துக் கத்தியைத் தேடினாள். இனேசா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"மூணு பேர் இருந்தாங்க. நடுவுல ஒரு வயசான அம்மா, ரொம்ப மரியாதையானவங்க. எல்லாம் நல்லாப் போச்சு. கடைசியா, உங்க அம்மா எந்த நாட்டுக் குடிமகள்னு கேட்டாங்க."

ரைசா கத்தியை எடுத்துவிட்டாள், வெட்டவில்லை.

"குடியுரிமை இல்லாதவங்க, இப்போ பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்காங்கன்னு சொன்னேன். பெருமையா சொன்னேம்மா. இந்த வயசுல டிராம் வேலையும் பாத்துக்கிட்டு எங்கம்மா கீதம் மனப்பாடம் பண்றாங்கன்னு சொன்னேன். அவங்க முன்னாடி இருந்த காகிதத்தைப் பாத்தாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துது. எங்கம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதான்னு கேட்டேன். அவங்க இன்னொரு தடவை கேட்டாங்க. நானும் இன்னொரு தடவை அதையே சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நன்றின்னு சொல்லிட்டாங்க." இனேசா அம்மாவின் கையைப் பார்த்தாள். "வெளிய வர்றப்போ கதவைத் திறந்து விட்ட ஆள் மெதுவா சொன்னான், வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட கேளுங்கன்னு. வந்திருக்கேன். எந்த பாஸ்போர்ட் வெச்சிருக்கே, கொண்டா."

ரைசா உள்ளே போய் எடுத்து வந்து கேக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். சிவப்பு அட்டை, தங்கக் கழுகு. இனேசா அதைத் திறந்து தேதியைப் பார்த்தாள். பனி விழத் தொடங்குவதற்கு முந்தைய மாதம்.

"இதைக் கையில வெச்சிக்கிட்டே என்கிட்ட படிக்கறேன், படிக்கறேன்னு சொல்லியிருக்கே."

"வேலை கெடச்சதும் சொல்லலாம்னு இருந்தேன் கண்ணு. நீ குடியுரிமைதானே கேட்டே. உனக்காகத்தான்..."

"எனக்காகவா பென்ஷன் வாங்கினே?"

"நீ போட்டிருக்கற கோட்டு அந்தப் பணம்தான்டி."

இனேசா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள், கருநீலக் கம்பளிக்குள் இருந்த கைகள். "நீ எந்த நாட்டுக்காரியா இருந்தாலும் நான் சொல்லிச் சமாளிச்சிருப்பேன். எங்கம்மா பென்ஷனுக்காகப் போனாங்க, நான் போகலன்னு நேராச் சொல்லியிருப்பேன். அந்தம்மா அதுக்குத்தான் ரெண்டு தடவை வாய்ப்புக் கொடுத்தாங்க. ரெண்டு தடவையும் நான் அவங்க கண்ணைப் பாத்துப் பொய் சொன்னேன். பொய்னு தெரியாமச் சொன்னேன்னு இப்போ போய்ச் சொன்னா, சொந்த அம்மா வீட்டுல என்ன நடக்குதுன்னு தெரியாதவளை எந்த நாட்டுக்கு அனுப்புவாங்க?"

காரணம் எழுதாத ஒரு மறுப்புக் கடிதம் பிறகு வந்தது. உண்மையான காரணம் அதுதானா, வேறு ஏதாவதா, யாருக்கும் தெரியாது. ஐந்து பேரில் இரண்டு பேரைத்தான் எடுத்தார்கள், அவள் மூன்றாவதாகவே இருந்திருக்கலாம். இனேசா அப்படி நினைக்கவில்லை, நினைக்க விரும்பவும் இல்லை.

அன்று அந்த மேஜையில் ரைசாவுக்குச் சொல்ல ஒரு பதில் இருந்தது. நீ சிரித்தாய், அதனால் விட்டேன் என்று ஒரு வரி. தொண்டை வரை வந்தது. இந்த நேரத்தில் சொன்னால் பிள்ளைமேல் பழி போடுவதாகும் என்று விழுங்கிவிட்டாள். இனேசா எழுந்தாள். கதைகளில் வருகிற பெண்களைப்போல் கோட்டைக் கழற்றி எறியவில்லை. வெளியே கடும் குளிர், அதனால் பொத்தான்களை எல்லாம் மேல்வரை போட்டுக்கொண்டு மாலை ரயிலுக்குப் போனாள்.

எத்வின்ஸுக்கு வேலை கிடைத்தது. முதல் பணி லிஸ்பனில். தனியாகப் போனான், இரண்டு வருடம் கழித்து வேறொருத்தியோடு திரும்பினான். இனேசா ரீகாவில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் சேர்ந்தாள். வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழையும் கல்யாணச் சான்றிதழையும் நாள் முழுக்க மொழிபெயர்த்து முத்திரை குத்துகிற வேலை. புத்தாண்டுக்கு ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு போன். ரைசா டிராமை விட்டு இறங்கி, தோட்டத்தில் உருளைக்கிழங்கு போட்டு, காளான் பொறுக்கி, காளானை உப்பிட்டு, சாப்பிட ஆள் இல்லாமல் தைசியாவுக்கே கொடுத்து வருடங்களைத் தள்ளினாள். மனது கேட்காமல் அவள் எழுதிய கடிதங்களுக்கு மகள் பதில் போட்டதில்லை.

பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யா போரைத் தொடங்கியது. இங்கே சட்டம் மாறியது. சிவப்புப் பாஸ்போர்ட் வாங்கியவர்கள் லாத்விய மொழி அடிப்படையாவது தெரியும் என்று பரீட்சை எழுதி நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாட்டில் இருக்க அனுமதி கிடையாது. வழி சொல்லிக்கொடுத்த தைசியா, பரீட்சையாவது மண்ணாவது என்று ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்கில் இருந்த மகனிடம் போய்ச் சேர்ந்தாள். ரைசாவுக்குப் போக இடமில்லை. பாஸ்போர்ட் சொல்லும் நாட்டில் அவள் உட்கார ஒரு நாற்காலி கூடக் கிடையாது. அறுபத்தேழு வயதில் பரீட்சை மண்டபத்துக்குப் போனாள், அவளைப்போலவே நரைத்த தலைகளோடு உட்கார்ந்தாள், தேறாமல் வந்தாள். இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை.

அவள் இனேசாவுக்குப் போன் செய்தாள். அவளாகச் செய்வது அபூர்வம்.

"என்னை அனுப்பிடுவாங்கடி."

"சனிக்கிழமை வரேன்" என்றாள் இனேசா.

வந்தாள். அந்தச் சனிக்கிழமை மட்டுமல்ல, வசந்தத்திலும் கோடையிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போனாள். தலையில் இரண்டு மூன்று வெள்ளி முடி. சமையலறை மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கோபப்படவில்லை, சலித்துக்கொள்ளவில்லை, ஒருமுறை கூடச் சிரிக்கவில்லை. ரைசா ஒரே தப்பைப் பத்து முறை செய்தால் பத்து முறையும் பொறுமையாகத் திருத்தினாள். "கடைக்குப் போறே. பால் இருக்கான்னு கேளு. நான் கடைக்காரி" என்பாள். ரைசா கேட்பாள். "இப்போ டாக்டர்கிட்ட போறே. எங்க வலிக்குதுன்னு சொல்லு." ரைசா முழங்காலைக் காட்டிச் சொல்வாள்.

மத்தியானம் வைத்ததை எல்லாம் இனேசா சாப்பிட்டாள். ரைசா வெள்ளிக்கிழமையே சமைக்கத் தொடங்கினாள். சனிக்கிழமைகளில் அவள் வீட்டு ஜன்னலில் பூ இருந்தது, அவள் தலைக்குச் சாயம் போட்டிருந்தாள். போனதெல்லாம் போய்விட்டது, பிள்ளை திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தாள். சட்டம் போட்டவர்களுக்குப் பக்கத்து மாடிக் கிழவிகள் எல்லாம் சாபம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் மனதுக்குள் அவர்களை வாழ்த்தினாள்.

இலையுதிர் காலத் தொடக்கத்தில் இரண்டாம் பரீட்சை. ரைசா தேறினாள். சும்மா தேறவில்லை, நல்ல மதிப்பெண். அடுத்த சனிக்கிழமை இனேசா வந்ததும் சான்றிதழை எடுத்து நீட்டினாள். இனேசா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அதைப் படித்தாள், தொழில் பழக்கத்தில் முத்திரையையும் பார்த்தாள்.

"நல்ல மார்க்" என்றாள்.

"எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான்."

"ஒரு வசந்தம், ஒரு கோடை. அவ்வளவுதான் ஆகியிருக்கு உனக்கு. அறுபத்தேழு வயசுல." அதை மேஜையில் வைத்தாள். "நான் இதைத் தெரிஞ்சுக்கத்தாம்மா வந்தேன்."

"எதை?"

"இத்தனை வருஷமா எனக்குள்ள ஒரே கேள்விதான். அம்மாவால நிஜமாவே முடியலியா, இல்ல முடிஞ்சும் செய்யலியான்னு. முடியாமத்தான் நீ பொய் சொல்லியிருக்கேன்னா மன்னிச்சிடலாம்னு இருந்தேன். பாவம், வயசாச்சு, மண்டைல ஏறல, சொல்ல வெக்கப்பட்டிருப்பான்னு. ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ தப்புப் பண்ணணும், உனக்கு ஏறவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் சொல்லிக்கொடுத்தேன்."

"அப்போ நான் தேறாமப் போயிருந்தா என்னை நாடு கடத்தியிருப்பாங்களேடி."

"தெரியும். நானே கொண்டுபோய் விட்டிருப்பேன், மாசாமாசம் வந்து பாத்திருப்பேன்." இனேசாவின் குரல் ஏறவே இல்லை. "உனக்கு ஏறிச்சு. உன் ஊரும் உன் வீடும் போகும்னதும் ஏறிச்சு. நான் கேட்டப்போ ஏறல."

ரைசா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக விழுங்கி வைத்திருந்தது வாய்க்கு வந்தது.

"நீ சிரிச்சே."

"என்ன?"

"அந்தப் பையன் முன்னாடி. கீதம் சொல்லுன்னு நீதான் சொன்னே. நான் நின்னு சொன்னேன். நீ என்னை மாதிரியே பேசிக் காட்டிச் சிரிச்சே. அவனும் சிரிச்சான். அதோட நான் புத்தகத்தைத் தொடல."

இனேசா யோசித்தாள். நடிக்கவில்லை, புருவத்தைச் சுருக்கி, கண்ணை மூடிக்கூட யோசித்தாள். ரைசா அவளுக்கு உதவினாள். எந்த மாதம், என்ன சமையல், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், மேஜைமேல் தலை கவிழ்ந்தது, எழுந்து நின்றது எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது சின்னதாகிக்கொண்டே போனது.

"எத்வின்ஸ் வந்தது ஞாபகமிருக்கு. மத்தி மீன் ஞாபகமிருக்கு" என்றாள் இனேசா. "இது ஞாபகமில்ல. இதுக்காகவா?"

"இதுக்காகத்தான்."

"அன்னிக்கே என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமேம்மா."

வெள்ளிக்கிழமை சமைத்தது அடுப்பில் இருந்தது. இனேசா சாப்பிட உட்காரவில்லை, கோபித்துக்கொண்டும் போகவில்லை. புத்தகங்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு, மத்தியான ரயில் ஒன்று இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

ரைசா பெத்ரோவ்னாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, இனி அவளை யாரும் ஊரைவிட்டு அனுப்ப முடியாது. மாதம் ஒருமுறை இனேசா போன் செய்கிறாள், கடமை தவறுவதில்லை. லாத்விய மொழியில் மட்டும்தான் பேசுகிறாள். உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரை தீர்ந்துவிட்டதா, வீட்டில் சூடு போதுமான அளவுக்கு வருகிறதா என்று கேட்கிறாள். பதிலைக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லி வைத்துவிடுகிறாள். முன்பு என்றால் ரைசாவுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. புரியாத பாதியில் அன்பாக ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு படுக்கப் போயிருக்கலாம். இப்போது எல்லாமே புரிகிறது.